அப்பா போன வயது

ராயபுரம், காசிமேடு பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒரு ஆள் திடீரென்று போய்விட்டால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா வயசு?" அடுத்தது, "அவங்கப்பா எத்தினில போனாரு?" நாற்பத்தெட்டில் என்று யாராவது சொன்னால் தலைகள் மெல்ல ஆடும். "அவங்க வூட்ல எல்லாருக்கும் நெஞ்சுதான்பா." அதோடு விசாரணை முடிந்தது. எழவு வீட்டில் அந்தப் பதில் தேவைப்படுகிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். குற்றவாளி யாரும் இல்லாத மரணத்தைத் தாங்கிக்கொள்வது கொஞ்சம் எளிது. ஆனால் அந்தப் பதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதற்கு உலகம் பல பத்தாண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறது.

பாடுபட்டவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது ஜப்பானியர்களை. உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் மாரடைப்பு அபூர்வம். ஆன்சல் கீஸ் ஏழு நாடுகளில் நடத்திய நெடுங்கால ஆய்வில் தனுஷிமாரு, உஷிபுக்கா என்ற ஜப்பானிய ஊர்கள் இதய நோய்க் கணக்கின் அடிவரிசையில் இருந்தன. ரத்தமே அப்படி, பாக்கியசாலிகள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஜப்பானியர்கள் கப்பலேறியும் போயிருந்தார்கள். ஹவாய்க்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் கலிபோர்னியாவில் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்து நடுவயதுக்கு வந்திருந்தார்கள். 1960-களின் நடுவில் ஹிரோஷிமா, நாகசாகி, ஹொனலுலு, சான் பிரான்சிஸ்கோ என்று மூன்று கரைகளிலும் ஜப்பானிய ஆண்களை ஒரே அளவுகோலால் அளக்கத் தொடங்கினார்கள். ஒரே இனம், ஒரே மூதாதையர். ஜப்பானில் மிகக் குறைவாக இருந்த இதய நோய் ஹவாயில் கூடியது, கலிபோர்னியாவில் இன்னும் கூடியது. மைக்கேல் மார்மோட்டும் லியோனார்ட் சைமும் 1976-ல் ஒரு படி மேலே போனார்கள். கலிபோர்னியாவிலேயே இருந்தாலும் ஜப்பானிய வாழ்க்கை முறையை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் இதயம் ஏறக்குறைய ஜப்பானில் இருப்பவர்களின் இதயம் போலவே இருந்தது. முழுக்க அமெரிக்கராக மாறியவர்களிடம் நோய் மூன்று முதல் ஐந்து மடங்கு. ஒரு கடலைத் தாண்டும் காலத்தில் மரபணு மாறுவதில்லை. அப்படியானால் இது ஊரின் வேலை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். ஆனால் அதே கப்பலில் இன்னொரு நோயும் போயிருந்தது. டோக்கியோவில் டோமிசாக்கு கவாசாக்கி என்ற குழந்தை மருத்துவர் 1961-ல் முதலில் கவனித்து, 1967-ல் ஐம்பது குழந்தைகளின் விவரத்தோடு எழுதிய நோய் அது. விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் புடைத்துவிடும். ஜப்பானியக் குழந்தைகளுக்குத்தான் அது உலகிலேயே அதிகம். ஹவாயில் பிறந்து, அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட்டு, ஆங்கிலம் பேசி வளரும் ஜப்பானிய வம்சக் குழந்தைகளுக்கும் அது ஜப்பானில் வரும் அளவுக்கே வருகிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் குழந்தைக்கு அவ்வளவு வருவதில்லை. இந்த நோய் ஊரைப் பார்க்கவில்லை, வம்சத்தைப் பார்த்தது.

இதற்கு நடுவில் ஜப்பானிலேயே பக்கவாதம் கொத்துக் கொத்தாக ஆளைக் கொண்டுபோனது. 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் சாவுக்கு முதல் காரணம் அதுதான். உப்பு போட்டுப் பதப்படுத்திய காய்கறியும் மிசோவும் குளிரான வடக்கும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றின. உப்பைக் குறைக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள், அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தார்கள், இறங்கியது. 'பாக்கியசாலி ரத்தம்' என்ற பேச்சின் லட்சணம் அவ்வளவுதான்.

நம் கப்பலுக்கு வருவோம். 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னைத் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் போய்வந்தது. வடசென்னையில் 'ரஜூலாவுல போனவங்க' என்று தாத்தாவைச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படிப் போனவர்களின் இதயத்தைப் பற்றி உலகத்துக்கு முதலில் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். 1950-களின் முதல் பாதியில் சிங்கப்பூரில் நடந்த 9,500-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளைப் புரட்டி, அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1959-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே தீவு, ஒரே வெயில். ஆனாலும் இதயக் குழாய் அடைப்பால் இறந்தவர்களில் இந்தியர்களின் பங்கு சீனர்களைவிடப் பல மடங்கு. அந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஜப்பானியர் கதை ஊரைக் கைகாட்டுகிறது, சிங்கப்பூர் கதை ரத்தத்தைக் கைகாட்டுகிறது. இரண்டும் உண்மையாக இருப்பது எப்படி?

2004-ல் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தது. புகை, கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனநெருக்கடி, காய்கனி, உடலுழைப்பு, மது என்ற ஒன்பதை மட்டும் பிடித்தாலே உலகின் எந்த மூலையிலும் மாரடைப்புகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தை விளக்கிவிடலாம் என்றது. யூசுப் கேரளத்தின் கொட்டாரக்கராவில் பிறந்தவர். தன் சொந்த மக்களைப் பற்றிய கேள்வி அவரை விட்டிருக்காது என்று நினைக்கிறேன். 2007-ல் அதே தரவிலிருந்து தெற்காசியர்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு வரும் நடு வயது தெற்காசியாவில் 53, மற்ற நாடுகளில் 59. அந்த ஆறு ஆண்டுகளையும் பெருமளவு அதே ஒன்பது காரணங்களே விளக்கின. நமக்கென்று தனி நோய் இல்லை. எல்லோருக்கும் வருவது நமக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஏன் சீக்கிரம் என்று கேட்டால் மறுபடியும் உடம்புக்குள் போகவேண்டும். புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் இந்தியப் பச்சைக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு வைத்து அளந்தார். நம் குழந்தை எடையில் ஏறக்குறைய 800 கிராம் குறைவு. ஆனால் தசைதான் குறைந்திருக்கிறது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு. 'அவன் ஒல்லிதானே சார், அவனுக்கா அட்டாக்?' என்று வியக்கிறோமே, அதற்குப் பதில் பிறப்பிலேயே எழுதியிருக்கிறது. இது மரபணுவா, தாயின் வயிற்றில் கண்ட பற்றாக்குறையா என்று கோடு கிழிப்பது கடினம். பாட்டியின் பசி பேரனின் கணையத்தில் வந்து உட்காரும் என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மரபணுவே நேராகக் கையும் களவுமாகப் பிடிபட்டதாகத் தோன்றிய ஒரு தருணமும் உண்டு. 2009-ல் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு, இதயத் தசைக்கான ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அந்த விடுபாடு இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுப் பழையது. பிள்ளை பெற்று வளர்த்து முடித்த வயதுக்குப் பிறகே பெரும்பாலும் தன் வேலையைக் காட்டுவதால், இயற்கையும் அதைக் களையெடுக்கவில்லை. செய்தித்தாள்கள் 'இந்தியர்களின் இதய சாபம்' என்கிற தொனியில் எழுதின. ஆனால் 2018-ல் வந்த ஆய்வு, அந்த 25 எழுத்து விடுபாடு மட்டும் தனியாகக் குற்றவாளி இல்லை, அதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிலரிடமே தசை கெடுகிறது என்றது. சாபத்திலும் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.

ராயபுரத்துக்காரர்கள் இந்தக் கேள்விக்கு வெளியாட்கள் இல்லை. எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அது முதல். ஆறு ஆண்டுகள் கழித்து ராயபுரத்தில் சொந்தமாக மருத்துவமனை. துறைமுகக் கூலிகளும் மீன்பிடிக்காரர்களும் மண்ணடி வியாபாரிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஊரில், சர்க்கரை பணக்காரர் நோய் என்ற பேச்சை அவர் நம்பியிருக்க முடியாது. அவரும் மகன் வி. மோகனும் மற்றவர்களும் 1985-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை என்றால், பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வந்திருந்தது. சர்க்கரை உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு. துக்க வீட்டில் தலையாட்டியவர்கள் சும்மா ஆட்டவில்லை.

விஸ்வநாதனின் மருமகன் ஏ. ராமச்சந்திரன் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டார். சர்க்கரை எல்லையில் நிற்பவரை இழுத்துப் பிடிக்க முடியுமா? வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்கத்தினர் 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. எதுவும் செய்யாமல் விட்டவர்களில் மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வில் அந்த எண்ணிக்கை 29. நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று வழிநடத்தியதில் சென்னையில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, அமெரிக்காவில் 58 சதவீதம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அமெரிக்கப் பயிற்சி கடுமையானது, அவர்கள் எடையைக் குறைத்தார்கள். நம்மவர்கள் பலருக்குக் குறைக்கப் பெரிய எடையே இல்லை. ஆனாலும் ஒன்று நெருடுகிறது. நாம் வேகமாகச் சரிகிறோம். நம் ஒழுக்கம் நம்மைத் தூக்கிப் பிடிக்கிறது, ஆனால் பாதி உயரத்துக்குத்தான். தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் கடக்க முடியாத மிச்சம் ஒன்று இருக்கிறது. 'வாக்கிங் போப்பா, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துப்பா' என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வண்டிக்கு வண்டி அச்சு வேறு. அச்சின் பலம் பட்டறையிலிருந்து வருகிறது, பாரம் ஏற்றுகிறவனிடமிருந்து வருகிறது. ஒடிந்த பிறகு அச்சைப் பார்த்தால் அச்சுதான் ஒடிந்திருக்கும், பாரம் ஒடிவதில்லை. பரம்பரை என்று நாம் சொல்வது அச்சு. ஜப்பானியர்கள் கலிபோர்னியாவில் ஏற்றிக்கொண்டது பாரம். சிங்கப்பூரில் சீனருக்கும் தமிழருக்கும் இடையே தெரிந்தது, ஒரே தீவின் பாரத்தை வெவ்வேறு அச்சுகள் தாங்கிய விதம். இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை.

அப்படியானால் வடசென்னையில் ஏற்றிய பாரம் எவ்வளவு?

இன்டர்ஹார்ட்டின் ஒன்பது காரணங்களை இன்னொரு முறை படியுங்கள். அதில் காற்று இல்லை. ஆளை உட்காரவைத்துக் கேட்டு, ரத்தம் எடுத்து அறியக்கூடியவை மட்டும் அந்தப் பட்டியலில் வந்தன. 90 போனால் மிச்சம் 10தான் என்றும் கணக்குப் போடக்கூடாது. இந்தக் காரணங்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே மூளும் அழற்சி ரத்தத்தில் கலக்கிறது, மிக நுண்ணிய துகள்கள் தாமே ரத்தத்துக்குள் இறங்குகின்றன. ஏற்கெனவே குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கவும், ரத்தம் உறையவும், துடிப்பு தடுமாறவும் அது துணைபோகிறது. புகையே பிடிக்காதவருக்கும் புகையின் நோய் வருவது இப்படித்தான்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதற்கப்பால் வல்லூர், இந்தப் பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும், நடுவில் சாம்பல் கசியும் குழாய்களும் நிறம் மாறிய கொசஸ்தலை ஆறும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இவை செய்தியில் வந்த நாட்கள். இதயத்தைத் தேய்ப்பது செய்தி வராத நாட்களின் காற்று. நிலக்கரியின் கந்தகப் புகையே காற்றில் நுண்துகளாக மாறுகிறது. அதைக் குறைக்க 2015-ல் வகுத்த விதிக்கு 2017-க்குள் என்று கெடு வைத்தார்கள். கெடு மட்டும் ஆண்டுக்காண்டு நகர்ந்தது.

2009 என்ற ஆண்டை இங்கே நிறுத்தி யோசிக்கிறேன். அந்த 25 எழுத்துகள் உலகச் செய்தியான ஆண்டு. இந்தியனின் இதயத்தில் பிறவிப் பலவீனம் உண்டு என்று நாடே பேசியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான் நுண்தூசிக்கு வரம்பு வகுத்தது: கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம். இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், இந்தியாவும் வகுத்தது: 40. இதய நோய் குறைவாகக் காணும் மக்களுக்குப் பதினைந்து, ஆறு ஆண்டு முந்தி மாரடைப்பு வரும் மக்களுக்கு நாற்பது. இரண்டு அரசுகளும் மரபணுவைப் பார்த்து எண்ணை எழுதவில்லை. பணமும் நிலக்கரியும் அரசியலும் எழுதின. தெரியும். ஆனால் பலவீனமான அச்சு என்று தெரிந்த பிறகு ஏற்றும் பாரத்துக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. அதுவரை அது அறியாமை. அதற்குப் பின் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. 'அவங்க வூட்ல எல்லாருக்கும் நெஞ்சுதான்' என்பதை ஆலையின் சாட்சியாக இதுநாள் வரை நாம் கூண்டில் ஏற்றிவந்தோம். உண்மையில் அது எதிர்த் தரப்புச் சாட்சி. அந்த வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு என்று தெரிந்தால், அந்த வீட்டின் காற்று மற்றெல்லோர் வீட்டுக் காற்றையும்விடச் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். ரத்தத்தில் வந்தது அந்த மனிதனின் குறை அன்று. மற்றவர்கள் அவனுக்குப் பட்டிருக்கும் கடன் அங்கே கூடுகிறது.

இது மனிதனைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அப்பா நாற்பத்தெட்டில் போயிருந்தால் மகன் முப்பதிலேயே சுகர், பிபி, கொழுப்பு பார்த்துவிடவேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அதைக்கூட வாசலோடு அனுப்பிவிடுகிற ஆண்கள் உண்டு. நெஞ்சு அடைத்தால் 'கேஸ்' என்று சோடாவும் ஜெலுசிலும் குடித்துவிட்டுப் படுப்பது இந்தப் பக்கத்தின் பெரிய கொலையாளி. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் இருக்கிறது. அங்கே போய்விட்டு, கேஸ்தான் என்று திரும்பி வந்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

இத்தனை புகைபோக்கிகளில் எதன் புகை எந்த நெஞ்சை அடைத்தது என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்பார்கள். ஜப்பானின் யொக்கைச்சியிலும் அப்படித்தான் கேட்டார்கள். மணலியைப் போலவே எண்ணெயும் ரசாயனமும் குவிந்த கடற்கரை. கந்தகப் புகையில் ஆஸ்துமா வந்த ஒன்பது பேர் 1967-ல் ஆறு கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். எந்தப் புகை யாருடையது என்று தனித்தனியாகக் காட்டத் தேவையில்லை, ஆறு பேரும் சேர்ந்து பொறுப்பு என்று 1972 ஜூலை 24 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. மூச்சுநோய்க்காரர் தன் புகையைத் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. குறித்த பகுதியில் இத்தனை காலம் குடியிருந்தார், இன்ன நோய் இருக்கிறது என்றால் போதுமாக இருந்தது. பணத்தில் பெரும்பங்கை, விடும் கந்தகத்தின் அளவுக்கேற்ப, நாடெங்கும் உள்ள ஆலைகளிடம் வசூலித்தார்கள். யொக்கைச்சித் தீர்ப்பு வந்த அன்று மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.